வாசகர் கேள்வி – பதில்: உரிமையாளர் குடும்பமும் ஊர்க் கழகமும்

சென்ற இதழில், கால்பந்துக் கழகங்களின் உரிமையாளர்களைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதிய சிறு கடிதத்தை வெளியிட்டிருந்தோம். ஆட்டத்தைக் காண வருபவர் ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம், கழகத்தை விலை கொடுத்து வாங்கியவரைப் பற்றிப் பேச அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதே அக்கடிதத்தின் சாரம். அதற்கு மறுமொழியாகக் காவிரிப் படுகை மாவட்டங்களிலிருந்து நாங்கள் எதிர்பாராத அளவுக்குக் கடிதங்கள் வந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இவ்விதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: பள்ளிப் பருவத்திலிருந்து நான் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் ரசிகன். எங்கள் ஊரில் கால்பந்தைப் பற்றிப் பேசாத தெரு இல்லை. கழகம் தோற்கும்போதெல்லாம் என் நண்பர்கள் ஆட்டக்காரரையும் பயிற்சியாளரையும் விட்டுவிட்டு, உரிமையாளரான கிளேசர் குடும்பத்தையே குறை சொல்கிறார்கள். உரிமையாளர் களத்தில் இறங்கி ஆடுவதில்லையே? தோல்விக்கு அவர்களைப் பொறுப்பாக்குவது முறையா?
— ஒரு வாசகர், அதிராம்பட்டினம்

பதில்: ஓர் ஆட்டத்தின் தோல்விக்கு அவர்களைப் பொறுப்பாக்குவது முறையன்று. ஆனால் தங்கள் நண்பர்களின் சினம் தோல்வியிலிருந்து பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சினத்துக்கு வயது இருபதுக்கு மேல் ஆகிறது. அது தொடங்கிய காலத்தில் கழகம் வென்றுகொண்டிருந்தது.

1878இல் நியூட்டன் ஹீத் என்னும் இடத்து ரயில்வேத் தொழிலாளர்கள் தொடங்கிய குழு, 1902இல் மான்செஸ்டர் யுனைடெட் என்று பெயர் மாறியது. 2005ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் கிளேசர் அக்கழகத்தைத் தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். கழகத்துக்கு மதிக்கப்பட்ட விலை ஏறத்தாழ 79 கோடி பவுண்டு. அதில் பெரும்பகுதி கடனாகப் பெறப்பட்டது. அக்கடனில் பெரும்பகுதி கழகத்தின் மீதே ஏற்றப்பட்டது. அதுவரை சொல்லத்தக்க கடன் ஏதுமின்றி நடந்துவந்த கழகம், தன்னை வேறொருவர் வாங்கியதற்காகத் தானே வட்டி கட்டும் நிலைக்கு வந்தது. அவ்வாண்டே மனம் வெறுத்த ரசிகர்கள் சிலர் பிரிந்து சென்று, எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற பெயரில், உறுப்பினர்களே உடைமையாளர்களாக உள்ள ஒரு புதிய கழகத்தைத் தொடங்கினார்கள்.

இதன் பின்னர் 2007, 2008, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ச்சியாக மான்செஸ்டர் யுனைடெட், இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கின் பட்டத்தை வென்றது. 2008இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும் வென்றது. அத்தனை வெற்றிக்கும் பிறகுதான், 2010இல் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கழகத்தின் சிவப்புக்கு மாறாக, பழைய நியூட்டன் ஹீத் குழுவின் பச்சையும் பொன்னிறமும் கலந்த கழுத்துத் துண்டுகளை அணிந்து மைதானத்துக்கு வந்தார்கள். அவ்வாண்டு மார்ச்சில் இத்தாலியின் ஏ.சி. மிலான் அணிக்காக அங்கே ஆட வந்த, யுனைடெட்டின் முன்னாள் ஆட்டக்காரர் டேவிட் பெக்காம், ஆட்டம் முடிந்ததும் அத்தகைய துண்டு ஒன்றை எடுத்துத் தம் கழுத்தில் போட்டுக்கொண்டார். தோற்றதனால் எழுந்த கோபம் என்றால் அந்த ஆண்டுகளில் அது அடங்கியிருக்க வேண்டும். அது அடங்காமல் வளர்ந்ததைக் கொண்டே அதன் காரணம் வேறு என்று நாம் அறியலாம்.

2013இல் நெடுநாள் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வுபெற்ற பிறகு அக்கழகம் லீக் பட்டத்தை மீண்டும் வெல்லவில்லை. 2024–25ஆம் ஆண்டுத் தொடரில் 15ஆம் இடத்துக்குச் சென்றது. ஐரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் டாட்டன்ஹாமிடம் தோற்றது. அதே தொடரின் நடுவில் உறுப்பினர்களுக்கான நுழைவுச்சீட்டின் குறைந்த விலை 66 பவுண்டாக்கப்பட்டது. சிறுவர்க்கும் முதியவர்க்கும் அதில் சலுகை இல்லை. தொழிலாளர் தொடங்கிய கழகத்தில், பேரனை அழைத்துச் செல்லும் முதியவர் ஒருவர் இருவருக்கும் முழு விலை கொடுக்க வேண்டிவந்தது என்றால், அதைக் கேள்வி கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: நான் வங்கியில் பணிபுரிகிறேன். வாங்குபவரின் கடனை, வாங்கப்படும் நிறுவனமே சுமப்பது சட்டப்படி செல்லுமா? இத்தனை எதிர்ப்புக்குப் பிறகும் அக்குடும்பம் கட்டுப்பாட்டை இழக்காமல் இருப்பது எவ்வாறு?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: செல்லும். கழகத்தின் சொத்துகளையும் வருங்கால வருவாயையும் ஈடாகக் காட்டிக் கடன் பெற்று, அந்தக் கடனைக் கொண்டே கழகத்தை வாங்குவது அங்கே சட்டத்துக்கு உட்பட்ட செயலாகவே இருந்தது. 2012 ஆகஸ்டில் நியூயார்க் பங்குச் சந்தையில் கழகத்தின் பங்குகள் விற்கப்பட்டபோது, பொதுமக்கள் வாங்கிய பங்கு ஒன்றுக்கு ஒரு வாக்கும், குடும்பத்தின் கையிலிருந்த தனி வகைப் பங்கு ஒன்றுக்குப் பத்து வாக்கும் என்று வகுக்கப்பட்டது. தங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை அந்தப் பத்து வாக்கில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் பிரிட்டன் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கால் பங்குக்கு மேல் வாங்கிக் கால்பந்து நிர்வாகத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பின்னும், வாக்குரிமையில் பெரும்பான்மை மால்கம் கிளேசரின் ஆறு பிள்ளைகளிடமே தங்கிவிட்டது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். முகமறியாத ஒரு நிதி நிறுவனத்தின் கையில் இருப்பதைக் காட்டிலும் ஒரு குடும்பத்தின் கையில் கழகம் இருப்பது நல்லதல்லவா? குடும்பத்துக்குப் பெயர் உண்டு, மானம் உண்டு, தலைமுறைப் பற்று உண்டு. குடும்பம் என்ற சொல்லையே குற்றமாக்கிப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: தாங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. இத்தாலியின் யுவெண்டஸ் கழகத்தை 1923 முதல் அன்யெல்லி குடும்பம் நடத்திவருகிறது. நூற்றாண்டைக் கடந்த அந்த உறவைப் பற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டியது இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கழகம். தாய்லாந்தின் விச்சை ஸ்ரீவத்தனபிரபா 2010இல் அதை வாங்கினார். இரண்டாம் நிலையில் இருந்த கழகம் 2014இல் பிரீமியர் லீக்குக்கு உயர்ந்து, 2016இல் எவரும் கனவு காணாத வகையில் அதன் பட்டத்தையே வென்றது. அவர் அவ்வூர் மருத்துவமனைக்கு நன்கொடை தந்தார். 2018 அக்டோபரில், ஆட்டம் முடிந்து மைதானத்திலிருந்து கிளம்பிய அவருடைய ஹெலிகாப்டர் அருகிலேயே விழுந்து அவர் இறந்தபோது, அந்த நகரம் தன் சொந்த வீட்டுத் துக்கம்போல் அழுதது. இன்று மைதானத்தின் வெளியே அவருடைய சிலை நிற்கிறது. பொறுப்பேற்ற மகன் அயவத்தின் காலத்தில், 2021இல் எஃப்.ஏ. கோப்பையும் கிடைத்தது. பின்னர் ஊதியச் செலவு வருவாயை மீறியது. 2023இல் கழகம் கீழ்நிலைக்கு இறங்கியது, மறு ஆண்டு மேலேறியது, 2025இல் மீண்டும் இறங்கியது. தந்தைக்காக அழுத மக்களே மகனின் நிர்வாகத்துக்கு எதிராக முழக்கமிட்டார்கள். இதில் நன்றிகெட்டவர் என்று ஒருவரையும் சொல்ல எனக்கு மனமில்லை. மகனும் கழகத்தை நேசிப்பவரே. ஆனால் நேசம் கணக்கைச் சரிசெய்வதில்லை, கணக்குத் தவறும்போது திருத்தும் அதிகாரம் அவரைத் தவிர வேறு எவரிடமும் இல்லை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கழகத்தின் நிலை இதனினும் கொடிது. 1867இல் தொடங்கப்பட்ட அக்கழகத்தை, சூரை மீன் பதனிடும் தொழிலில் செல்வம் சேர்த்த தாய்லாந்துக் குடும்பத்தின் உறுப்பினரான டெஜ்போன் சான்சிரி 2015இல் வாங்கினார். கழகத்தின் மைதானம் அவருடைய வேறொரு நிறுவனத்துக்கே விற்கப்பட்டது. 2025இல் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் பலமுறை ஊதியம் தாமதமானது. மைதானத்தின் ஒரு பகுதி பாதுகாப்புக் காரணத்தால் மூடப்பட்டது. ரசிகர்கள் ஆட்டத்தைப் புறக்கணித்து இருக்கைகளைக் காலியாக விட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரில் கழகம் திவால் நிர்வாகியின் கைக்குச் சென்று, அதற்குத் தண்டனையாக லீக் தொடரில் 12 புள்ளிகளையும் இழந்தது. ஒரே மனிதரின் பணத்தையும் மனநிலையையும் நம்பி ஒன்றரை நூற்றாண்டு நிறுவனம் நின்றதனால் வந்த விளைவு இது.

ஆகவே குடும்பம் நல்லதா கெட்டதா என்பதை விட, குடும்பத்தின் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்று கேட்பதே சரியாகும் என்று கருதுகிறேன். தங்கள் ஊரைச் சுற்றியே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. நம் பகுதிக் கோயில்கள் சிலவற்றில் பரம்பரை அறங்காவலர் குடும்பங்கள் இருக்கின்றன. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் அந்தப் பரம்பரை உரிமையை ஏற்கிறது. ஆயினும் கோயில் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடவோ அறங்காவலர் தாமாக முடிவு செய்ய இயலாது. முன்மொழிவை வெளியிட்டு, ஆட்சேபம் உடையவர்களின் கருத்தைக் கேட்டு, அச்செயல் கோயிலுக்குத் தேவை அல்லது நன்மை என்று கண்ட பிறகே ஆணையர் அனுமதி தர முடியும். அனுமதி இல்லாமல் செய்தது செல்லாது. தலைமுறைப் பற்றுக்கு அங்கே மதிப்பும் இருக்கிறது, அடமானத்துக்குத் தடையும் இருக்கிறது. 2005இல் மான்செஸ்டரில் இத்தகைய ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், கழகத்தின் பெயரில் அந்தக் கடன் ஏறியிருக்காது.

கேள்வி: போராட்டத்தால் எந்த உரிமையாளராவது பணிந்ததுண்டா? அல்லது ரசிகர்கள் கத்திக் கலைவதுடன் எல்லாம் முடிந்துவிடுகிறதா?
— கல்லூரி மாணவர், திருவாரூர்

பதில்: இரண்டும் நடந்திருக்கின்றன. 2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் 12 பெரிய கழகங்கள் சூப்பர் லீக் என்ற தனித் தொடரை அறிவித்தன. அதைத் தொடங்கிய கழகங்கள் எவ்வளவு தோற்றாலும் கீழ்நிலைக்கு இறக்கப்படாத தொடர் அது. அவற்றுள் ஆறு இங்கிலாந்துக் கழகங்கள். ரசிகர்கள் தெருவில் இறங்கியதும் இரண்டே நாளில் அந்த ஆறும் பின்வாங்கின. மே 2 அன்று மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் தங்கள் மைதானத்துக்குள்ளேயே புகுந்ததால் லிவர்பூலுடனான ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. திட்டம் வீழ்ந்தது, ஆனால் கிளேசர் குடும்பம் வெளியேறவில்லை.

உறுதியான வெற்றிகளைப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் ரசிகரின் குரலுக்குப் பின்னால் ஒரு விதியோ வாக்கோ நிற்பதைக் காண்கிறேன். ஜெர்மனியில் 1998 முதல் இருந்துவரும் விதிப்படி, தொழில்முறைக் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும். ஒருசில கழகங்களுக்கு மட்டுமே விலக்கு. அதனால் 2023–24ஆம் ஆண்டுத் தொடரில், லீக்கின் ஒளிபரப்பு வருவாயில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்குத் தரும் திட்டத்தை எதிர்த்து ரசிகர்கள் களத்தில் டென்னிஸ் பந்துகளை எறிந்தபோது, கழகங்களின் தலைவர்கள் தங்களைத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களுக்கே விடை சொல்ல வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது.

அமெரிக்காவின் கொலம்பஸ் க்ரூ கழகம் இன்னொரு சான்று. அதன் உரிமையாளர் 2017இல் கழகத்தை டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகருக்குப் பெயர்க்கப் போவதாகச் சொன்னார். ஒஹையோ மாநிலத்தில் 1996இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், வரிப்பண உதவி பெற்ற மைதானத்தில் ஆடும் குழுவைப் பெயர்க்குமுன் ஆறு மாத அறிவிப்புத் தர வேண்டும், உள்ளூரார் வாங்குவதற்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று கூறுகிறது. ரசிகர்கள் இயக்கம் நடத்தினார்கள், மாநில அரசும் நகராட்சியும் வழக்குத் தொடுத்தன, கழகம் ஊரிலேயே தங்கியது. வாங்கியவர்களும் குடும்பங்களே, அவற்றுள் ஒன்று அவ்வூர்க் குடும்பம் என்பதை மன்னார்குடி வாசகியும் கவனிக்க வேண்டுகிறேன். 2020இலும் 2023இலும் அக்கழகம் அமெரிக்க லீக் கோப்பையை வென்றது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 1889இல் தொடங்கி, 1911இல் ஆங்கிலேயப் படையணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம் பெற்ற மோகன் பகான் கழகத்தின் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதப் பங்கை, 2020இல் கோயங்கா குடும்பத்தின் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம் பெற்றது. கழகத்தின் பெயருக்கு முன்னால், அக்குழுமத்தின் வேறொரு கழகத்தைக் குறிக்கும் ஏ.டி.கே. என்ற எழுத்துகள் சேர்ந்தன. வேறொரு கழகத்தின் பெயரைத் தங்கள் கழகத்தின் தலையில் சுமக்க மாட்டோம் என்று கொல்கத்தா ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் விடாமல் கேட்டார்கள். 2023 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற கையோடு, அந்த எழுத்துகள் நீக்கப்படும் என்று உரிமையாளரே அறிவித்தார். பழைய பெயர் தனித்து மீளவில்லை, பின்னால் சூப்பர் ஜயண்ட் என்பது ஒட்டிக்கொண்டது. ஆயினும் பெயரைப் பற்றி ரசிகர் சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பது இந்தியாவில் ஒருமுறை நிறுவப்பட்டுவிட்டது. இது சிறிய செய்தி அன்று.

கேள்வி: என் மகன் நள்ளிரவு ஒன்றரை மணி வரை விழித்திருந்து இங்கிலாந்து ஆட்டம் பார்க்கிறான். தோற்றால் மறுநாள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்த ஊரையே பார்க்காத பிள்ளைக்கு அந்த முதலாளிமேல் கோபப்பட என்ன இருக்கிறது என்று அவன் அப்பா கேட்கிறார். எனக்கு அவனைத் திட்டவும் மனம் வரவில்லை.
— ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அம்மா, தூக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றி அவனிடம் கண்டிப்பாகப் பேசுங்கள்; அதில் தங்கள் பக்கமே நான். ஆனால் அவன் கோபத்தை அன்னியமானது என்று அவன் தந்தை எண்ண வேண்டாம். 2012இல் நியூயார்க்கில் பங்குகளை விற்க வெளியிட்ட ஆவணத்தில், உலகெங்கும் 65.9 கோடிப் பேர் தங்கள் கழகத்தைப் பின்பற்றுவதாக மான்செஸ்டர் யுனைடெட் தெரிவித்தது. அந்த எண்ணைக் காட்டித்தான் விளம்பரதாரர்களிடமும் முதலீட்டாளர்களிடமும் பணம் பெறப்படுகிறது. மான்செஸ்டர் நகரில் வாழ்வோர் சில லட்சம் பேரே. மற்றவர்கள் எல்லாம் தஞ்சாவூரிலும் ஜகார்த்தாவிலும் லாகோசிலும் விழித்திருக்கும் பிள்ளைகள். அவர்களுடைய அன்பு விற்பனைக் கணக்கில் சேர்க்கப்படும்போது, நிர்வாகத்தைப் பற்றி அவர்கள் பேசும் சொல்லுக்கும் இடம் இருக்க வேண்டும். மைதானத்துக்குச் செல்லும் உள்ளூர் ரசிகருக்கே முதல் உரிமை என்பதை மட்டும் அவன் மறக்க வேண்டாம். நுழைவுச்சீட்டின் விலை ஏறும்போது துன்பப்படுபவர் அவர்தான்.

கேள்வி: அரசு தலையிட்டால் ஒழிய இது தீராது என்கிறேன். சரியா?
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: இங்கிலாந்து அந்த முடிவுக்குத்தான் வந்தது. 2019இல் பரி என்னும் பழம்பெரும் கழகம் உரிமையாளரின் நிதி நெருக்கடியால் லீக்கிலிருந்து நீக்கப்பட்டதும், 2021இன் சூப்பர் லீக் முயற்சியும் அங்கே நாடாளுமன்றத்தை அசைத்தன. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, தனி ஒழுங்காணையம் ஒன்று அமைந்தது. உரிமையாளரின் தகுதியைச் சோதிப்பதும், சின்னம், நிறம் போன்றவற்றை மாற்றுமுன் ரசிகரின் கருத்தைக் கேட்க வைப்பதும், அனுமதியின்றி மைதானத்தை விற்காமல் தடுப்பதும் அதன் பணிகள். ஏற்கெனவே ஏறிய கடனை அது இறக்கிவிடாது.

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர் கால்பந்துக் குழுவுக்கு, வெளிநாட்டில் தொழில் செய்யும் எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று பெருந்தொகை தர முன்வந்திருக்கிறது. நல்லவர்கள்தாம். தங்கள் தந்தையின் பெயரைக் குழுவுக்கு வைக்க வேண்டும், நிர்வாகத்தையும் தங்களிடம் விட வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள் சம்மதிக்கச் சொல்கிறார்கள், பையன்கள் தயங்குகிறார்கள். தங்கள் ஆலோசனை வேண்டும்.
— குழுவின் செயலாளர், வேதாரண்யம் வட்டம்

பதில்: இத்தனை கடிதங்களிலும் நான் மிகவும் கவலையோடு படித்தது தங்கள் கடிதத்தைத்தான். பையன்களின் தயக்கம் நியாயமானது. அதே சமயம் கடலோரக் கிராமத்துக் குழுவுக்குப் பந்தும் காலணியும் பயணச் செலவும் தருகிறோம் என்று ஒருவர் வரும்போது கதவை அடைப்பதும் சரியன்று.

பணத்தைப் பெறுவதற்கு முன்பே, குழுவைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்துவிடுங்கள். ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். துணைவிதிகளை எழுதும்போது, குழுவின் பெயர், சட்டையின் நிறம், ஆடும் திடல் ஆகிய மூன்றையும் பொதுக்குழுவின் சிறப்புத் தீர்மானமின்றி மாற்றக் கூடாது என்றும், குழுவின் பெயரில் கடன் வாங்குவதற்கும் அதே தீர்மானம் தேவை என்றும் எழுதுங்கள். இப்போது ஆடும் பையன்களில் பதினெட்டு வயது நிறைந்த அனைவரையும் உறுப்பினராக்குங்கள். பெரியவர்கள் மட்டுமே உறுப்பினராக உள்ள சங்கம் பையன்களைக் காக்காது.

பிறகு அக்குடும்பத்தாரிடம் மரியாதையுடன் போய்ப் பேசுங்கள். தந்தையின் பெயரைச் சட்டையின் மார்பில் பொறிக்கலாம், ஆண்டுதோறும் அவர் பெயரில் ஒரு சுழற்கோப்பைப் போட்டி நடத்தலாம், நிர்வாகக் குழுவில் குடும்பத்துக்கு ஓர் இடம் தரலாம். தொகையை நன்கொடையாகவோ, மூன்றாண்டு ஒப்பந்தத்துடன் விளம்பர ஆதரவாகவோ பெறுங்கள். வரவு செலவைத் தணிக்கை செய்து ஆண்டுதோறும் அவர்களிடம் முதலில் காட்டுங்கள். அவர்கள் நல்லவர்கள் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். நல்லவர்கள் இந்த ஏற்பாட்டுக்கு இசைவார்கள் என்றே நம்புகிறேன். துணைவிதி வரைவை எங்களுக்கு அனுப்பினால், அடுத்த இதழுக்குள் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டித் திருத்தி அனுப்புகிறோம்.